குனியாமல் ஏறும் கார்

அவருடைய வலது காது கேட்காது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு வலப் பக்கம் நின்று பேசுவது மரியாதைக் குறைவு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். விஷயம் தெரியாத வெளியூர் ஆள் யாராவது வந்து வலப் பக்கம் நின்றுவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுத்து இடப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். "போடியாரோட எங்கால நிண்டு பேசுற எண்டு தெரியாதா?" என்று புத்தியும் சொல்வார்கள்.

வயலும் மாடும் நிறைய உள்ள பெரிய காணிக்காரரை எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். இவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், அதில் இரண்டு பேர் கோர்ட்டில் வழக்காடுகிற அப்புக்காத்து. நான் அந்த ஊர் டிஸ்பென்சரியில் நோய் பார்த்து மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியாக இருந்தவன். யுத்தத்துக்கு முந்திய காலம் அது. அவருடைய காதுக்குள் எண்ணெய் விட்டுப் பார்த்தவன் நான்தான் என்பதால் உண்மை எனக்குத் தெரியும். பார்த்து முடிந்ததும், "காதில ஒண்டும் இல்லத்தானே மனே?" என்று கேட்டார். கேட்ட மாதிரியிலேயே பதில் இருந்தது. ஒன்றும் இல்லை என்றேன்.

உடம்பில் ஒன்று பழுதாகும்போதெல்லாம் அவர் அதை மரியாதைச் சட்டம் ஒன்றாக மாற்றிவிடுவார். கடைவாய்ப் பற்கள் விழுந்த வருஷம், பாக்கைக் கடித்துத் தின்பது கூலிக்கு வந்தவன் பழக்கம், போடிமார் இடித்துத்தான் தின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதத்துக்குள் கல்லைக் கடித்து நொறுக்கக்கூடிய பல்லுள்ள மூன்று போடிமார் மடியில் பாக்குரலோடு திரிந்தார்கள். முழங்கால் மடங்காமல் போனபோது, கொக்கட்டிச்சோலைச் சிவனுக்குத் தவிர வேறு யாருக்கும் எதற்கும் தான் குனிவதில்லை என்றார். அதற்குப் பிறகு கலியாண வீடுகளில் அவருக்குப் பாய் போடாமல் கதிரை வைத்தார்கள்.

நான் இதையெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் டிஸ்பென்சரிக்கு வந்து "ஐயோ, இடுப்பு, ஐயோ, முதுகு" என்று நாள் முழுக்க அழுகிற ஆட்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். இந்த மனுசனின் பொய் எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருந்தது. வீடு இக்கரையில். வாரம் ஒருமுறை மாட்டு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு மண்முனைத் துறைக்குப் போய், பாதையில் ஏறி அக்கரைக்குப் போவார். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பெயரே பாதை. ஒரு நாள் அவர் டிஸ்பென்சரிக்கு வந்து, எனக்கு வலப் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மாட்டு வண்டியில தொத்தி ஏறுறது பொடியன்மார்ர வேலை, மனே. ஒரு கார் எடுப்பம்" என்றார். முழங்கால் எந்த அளவுக்கு வந்துவிட்டது என்று எனக்கு அப்போது விளங்கியது. அவருக்கு அறுபத்தெட்டு வயது.

ஊரில் அப்போது என்னிடம் மட்டும்தான் கார் இருந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கார். முதலில் இதில் ஏறிப் பாருங்கள் என்றேன். அது என் பிழை. ஏறுவதற்கு எப்படியோ ஏறிவிட்டார், இறங்க முடியவில்லை. முடியவில்லை என்று சொல்வாரா? காற்று நல்லா வருது, கொஞ்சம் இருந்திட்டுப் போறன் என்றார். டிஸ்பென்சரிக்கு வந்த நோயாளிகள் ஒவ்வொருவராகப் போய்க் கார் யன்னலடியில் நின்று கும்பிட்டார்கள். ஒருவன் தன் காணி வழக்கையே கொண்டுவந்து தீர்ப்புக் கேட்டுவிட்டான். இரண்டரை மணி நேரம் கழித்து அவருடைய பெண்சாதி வந்து, யன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "சோறு ஆறுது" என்று மட்டும் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தெடுத்தார். சிறு வண்டி மனுசன்ட குணத்தையும் சிறுக்கப் பண்ணும் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார் போடியார். அடுத்த நாள் என் காரைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

இந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். மெலிந்த, கறுத்த, வாய் ஓயாத மனுசி. ரோட்டால் போகிற ஒரு கோழியைக் காட்டினால் அது யாருடைய கோழி, அதன் தாய்க்கோழியை எந்த நரி பிடித்தது, அந்த நாளில் அந்த வீட்டில் என்ன சண்டை என்று எல்லாம் சொல்வார்.

காத்தான்குடியில் பழைய கார்களுக்குத் தரகு செய்கிற முஸ்லிம் அண்ணர் ஒருவர் இருந்தார், நானா என்போம். அவரை வரச் சொன்னோம். "போடியாருக்கு எண்டா சும்மா சாமான் கொண்டரமாட்டன்" என்று சொல்லிப் போனவர், மூன்றாம் நாள் மினுமினுவென்று ஒரு கறுப்புச் சலூன் காரோடு வந்து நின்றார். கொழும்பில் பெரிய துரை ஒருவர் பாவித்தது. உள்ளே முன் ஆசனத்துக்கும் பின் ஆசனத்துக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. முதலாளி பின்னால் இருந்து சின்ன யன்னலைத் திறந்து டிரைவரோடு பேசலாம்.

"இதுக்குள்ள நான் எங்க இருக்கிற?" என்று கேட்டார் போடியார்.

"நீங்க பின்னால ராசா மாதிரி இருக்கிற. டிரைவர் ஒருத்தன் முன்னால."

"கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறதுக்கு நான் என்ன கடைச் சாமானா? நான்தான் ஓட்டுவன். இவள் எனக்குப் பக்கத்தில இருப்பாள்."

நானா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கூண்டு வண்டியில்கூடப் பெண்கள் பின்னால் திரை போட்டுக்கொண்டுதான் போவார்கள். காரில் முன்னால், புருஷனுக்குப் பக்கத்தில், ஊரெல்லாம் பார்க்க ஒரு பெண்சாதியை இருத்திக்கொண்டு போவதென்றால் சின்ன விஷயமல்ல. "பெண்சாதி பின்னால இருக்க அவள் என்ன நெல்லு மூட்டையா?" என்று போடியார் கேட்டார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. காந்தி படம் மாட்டியிருக்கிற படித்தவர்கள் வீட்டிலும் நான் கேட்காத பேச்சு அது. இவ்வளவு முற்போக்கான மனுசனைப் பாக்குரல்காரர் என்று நினைத்தேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நானா அடுத்துக் கொண்டுவந்த கார் நல்ல அழகு. தாழ்வான உடம்பு, சிவப்புத் தோல் ஆசனம், ஓடினால் காற்று. போடியார் கதவடியில் நேராக நின்றார். கூரை அவர் நெஞ்சுக்குச் சரியாக இருந்தது. "தலையைக் குனிஞ்சு ஏறுற வண்டி கள்ளனுக்குத்தான் சரி" என்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். நானா வெற்றிலைத் தட்டைப் பார்த்தபடி, "ரோட்டில ஓடுற சாமானில கோபுர வாசலா வைக்க ஏலும்?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

கடைசியில் கிடைத்தது ஒரு தென்னந்தோட்டத்துத் துரையின் கார். அவர் சீமைக்குப் போய்ச் சேர முன் விற்கப் பார்த்தார். போடியார், பெரியம்மா, நான் மூவரும் நானாவோடு அங்கே போனோம். நானாவுக்கே அதைக் காட்ட வெட்கம். "நல்ல பெரிய சாமான்தான், ஆனா பத்து வருசம் ஓடினது. இப்ப ஆரும் இந்த உருவத்தில செய்றல்ல" என்றார். உயரமான, நெட்டுக்குத்தாக நிற்கிற சலூன். ஒரு காலத்தில் பெரிய விலை போயிருக்கும். போடியார் கதவைத் திறந்தார். காலை எடுத்துப் படியில் வைத்தார், தலைப்பாகை நலுங்காமல் உள்ளே போய் உட்கார்ந்தார். கதிரை உயரத்தில் ஆசனம். முன்பக்கம் இடைவெளி இல்லாமல் ஒரே நீள ஆசனம். இறங்கினார். மறுபடி ஏறினார். மூன்றாம் தடவை இறங்கி வந்து, "மாடு நல்ல மாடு" என்றார்.

நானா உற்சாகமாகி எஞ்சின் மூடியைத் திறந்து காட்டப்போனார். "மூடு, மூடு. குடலைப் பாத்து ஆரும் மாடு வாங்கிறயா?" என்றார் போடியார். நான் மட்டும் கேட்காமல் பிரேக்கையும் டயரையும் பார்த்தேன். பிரேக் நன்றாக இருந்தது. அறுபத்தெட்டு வயது ஆளுக்கு எஞ்சின் கொஞ்சம் இருமினாலும் பரவாயில்லை, பிரேக் இருமக்கூடாது என்பது என் கட்சி.

அப்போது பெரியம்மா இடப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். யன்னலால் வெளியே பார்த்தார், முன் கண்ணாடியால் பார்த்தார், ஆசனத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தார். "இதுக்குள்ள இருந்தா ரோட்டு ஓரம் எல்லாம் வடிவாத் தெரியுது" என்றார். போடியார் உடனே, "இதை எடுப்பம்" என்றார். பெண்களுக்கு ஊர் பார்க்கிற ஆசை என்று நானும் நானாவும் சிரித்துக்கொண்டோம். அந்தக் காரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

லைசென்சுக்குப் பார்வை நன்றாக இருப்பதாக என் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள். அவருடைய இடது கண்ணில் வெள்ளைப் படலம் ஒன்று இறங்கியிருப்பது எனக்குத் தெரியும். எவ்வளவு மறைக்கிறது என்றுதான் தெரியாது. வலக் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருக்கிற எழுத்தைப் பாருங்கள் என்றேன். அவர் மூடவில்லை. "கடவுள் ரெண்டு கண் தந்திரிக்கார். ஒண்டை மூடிக்கொண்டு பாக்கிறவன் குறி வைக்கிற வேடன். நான் ஆரைச் சுடப்போறன்?" என்றார். நான் அரை மணி நேரம் மன்றாடினேன். கடைசியில், "இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது பார்வை போதுமானது" என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யல்ல. என்றாலும் இன்றைக்கும் அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாடு மேய்கிற தரவையில் அவருக்குக் கார் ஓட்டப் பழக்கினேன். அவருக்குப் பக்கத்து ஆசனம் பெரியம்மாவுடையது என்பதால் நான் பின் ஆசனத்தில் இருந்துதான் பழக்கினேன். தோளைத் தட்டினால் பிரேக், முதுகைத் தட்டினால் கியர். ஆச்சரியம் என்னவென்றால் அவர் நன்றாகவே ஓட்டினார். மெதுவாக, நேராக, மாட்டு வண்டியை விட ஒரு சொட்டு வேகத்தில். லைசென்சும் கிடைத்தது.

முதல் முறை வயலுக்குப் போகும்போது என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். பெரியம்மா ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை. "அந்தா தம்பியப்பன்ட மாடு நிக்கிது, ரோட்டுக்குள்ள குண்டியை நீட்டிக்கொண்டு. வளத்தவனும் அப்பிடித்தான்." "பூசாரியார்ர பேத்தி தண்ணிக் குடத்தோட வாறாள், என்ன அசைவு, கரைக்கு வாறாள் இல்ல." "இந்த வேலியை எப்ப ரோட்டுக்குள்ள தள்ளிக் கட்டினாங்க, கள்ளப்பயலுகள்." எனக்குத் தலை வலித்தது. வெற்றிலையையாவது வாயில் போடமாட்டாரா என்று நினைத்தேன். தரவை வெளியில், ஆளும் மாடும் இல்லாத நேர் ரோட்டில், கொஞ்ச நேரம் வாய் ஓய்ந்தது. ஊர்மனைக்குள் நுழைந்ததும் மறுபடி தொடங்கியது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வலப் பக்கம் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இடப் பக்கம் ஒரு வாத்து நின்றது. அந்த வாத்தின் வம்ச வரலாறு முழுவதும் வந்தது. போடியார் "ம்" கொட்டிக்கொண்டே ஸ்டியரிங் சக்கரத்தை வலப் பக்கம் கொஞ்சம் திருப்பினார். வாத்து தப்பியது.

துறைக்கு வந்தோம். கரையிலிருந்து பாதையில் கார் ஏற இரண்டு பலகைகள் போட்டிருப்பார்கள், சக்கர அகலத்தை விட ஒரு சாண் கூட. இடச் சக்கரம் பிசகினால் வாவிக்குள்தான். பெரியம்மா பாதைக்காரரின் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லச் சொல்ல, கார் அந்தப் பலகையில் நூல் பிடித்த மாதிரி ஏறியது. வியர்த்து என் சட்டை நனைந்துவிட்டது. அவருடைய நல்ல காது இடப் பக்கம், கெட்ட கண்ணும் இடப் பக்கம், பெரியம்மாவும் இடப் பக்கம். நான் மெய்சிலிர்த்த முற்போக்கு இதுதான்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு நாளும் அவர் பார் என்று கேட்டதில்லை, பெரியம்மா பார்க்கிறேன் என்று சொன்னதும் இல்லை. ஒரு ஆளையும் இடிக்கவில்லை.

அந்த வருஷம் கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் பத்து நாள் இருக்க, கொழும்பிலிருந்து கண் டாக்டர் ஒருவர் மட்டக்களப்புக்கு வந்திருந்தார். படலத்தை எடுத்துவிடலாம் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் போய்ப் புருஷனிடம் சொல்லியிருக்கிறார். "கண் திறக்கிறது கோயில் சிலைக்கு. மனுசனுக்கில்ல" என்று சட்டம் போட்டுவிட்டார் போடியார். அவ்வளவுதான், பெரியம்மா வாயை மூடிவிட்டார். சமைப்பார், சோறு போடுவார், பேச்சில்லை. "ஊட்டில ஆரோ செத்த மாதிரி இரிக்கு, மனே" என்று போடியார் என்னிடம் வந்து குறைப்பட்டார்.

தேர் நாள். வடம் தொட அவர் போயே ஆக வேண்டும், அது அவர் குடிக்குரிய வரிசை. ஒரு வருஷமும் தவறியதில்லை. பட்டு வேட்டி, தலைப்பாகை, பக்கத்தில் பெரியம்மா வாய் பூட்டியபடி, பின்னால் நான். நான் ஓட்டவா என்றேன். "வடம் தொடப் போறவன் இன்னொருத்தன் ஓட்டுற வண்டியில போறயா?" என்றார். கார் புறப்பட்டது. பெரியம்மா நேரே பார்த்தபடி இருந்தார். முதல் வளைவில் ஒரு வேலியின் பத்துக் கம்பு போனது. அடுத்து, தேருக்கு விற்க ரோட்டோரம் அடுக்கியிருந்த எருமைத் தயிர்ச் சட்டிகளில் நாலைந்து போயின. காரின் இடப் பக்கம் முழுவதும் தயிர். தயிர்க்காரி பேசியதை எழுத முடியாது. நான் பின்னாலிருந்து கத்தத் தொடங்கினேன், ஆனால் என் குரல் அவருடைய வலது தோளுக்குப் பின்னால்தான் விழுந்தது.

அப்படியே துறைக்கு வந்து சேர்ந்தோம். பாதை காத்து நின்றது. பலகைகளுக்கு முன்னால் போடியார் காரை நிறுத்தினார். நிறுத்தியவர் எடுக்கவில்லை. பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள், காவடிக்காரர், பறைமேளம், பிள்ளைகுட்டிகள்.

"போடியார், வாங்க" என்று பாதைக்காரர் கூப்பிட்டார்.

"அவசரப்படாத. எஞ்சின் ஆறட்டும்" என்றார் போடியார்.

எஞ்சின் ஆறியது. பிறகு, தண்ணீர் கொஞ்சம் ஏறட்டும் என்றார். பிறகு, காற்று விழட்டும் என்றார்.

"நான் எடுக்கிறன், போடியார்" என்றேன்.

"சும்மா இரு மனே."

அக்கரையில் வெடிச் சத்தம் கேட்டது. தேர் புறப்பட ஆயத்தம். போடியார் கியரைப் போட்டார், திரும்ப எடுத்துவிட்டார். அந்த மனுசனின் ஒரு பொய்யும் இனி உதவாத இடத்துக்கு அவர் வந்திருந்தார். பெரியம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி இருந்தார்.

"புள்ள," என்றார் போடியார். சத்தம் மெல்லியதாக இருந்தது. "இடப் பக்கம் எனக்கு ஒண்டும் தெரியிதில்ல."

பெரியம்மா திரும்பினார். "எப்ப இருந்து?" என்று ஒன்றும் அறியாத ஆள் போலக் கேட்டார்.

"நீ முன்னுக்கு இருக்கத் தொடங்கின நாளில இருந்து."

"ஆசுபத்திரிக்கு?"

"போவம்."

பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு, இடையில் ஒன்றும் நடக்காதது மாதிரி, "பாதைக்காரர்ர மூத்தவன் பலகை நுனியில நிக்கான். கலியாணம் முடிச்ச பொறகு நல்லா வயிறு வச்சிட்டான். அந்த வயித்துக்கு நேர இடச் சில்லை உடுங்க" என்றார். கார் பலகையில் ஏறியது. மூத்தவன் வயிற்றை உள்ளே இழுத்தான். அன்றைக்கு வடம் தொட்டபோது போடியாரின் பட்டு வேட்டியில் எங்கிருந்தோ தயிர் பட்டிருந்தது.

கண் வைத்தியம் நடந்தது. ஒரு மாதம் கட்டோடு கிடந்தார். பிறகு தடித்த மூக்குக் கண்ணாடி வந்தது. அதைப் பற்றிக் கேட்டவர்களிடம், "கண்ணாடி போடாம ஊரைப் பாக்கிறது ஊருக்கு மரியாதை இல்ல" என்று சொன்னார். சரியாகிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு முதல் தடவை வயலுக்குப் போன நாள் நானும் பின்னால் இருந்தேன். பெரியம்மா தன் இடத்தில் ஏறி, கையை மடியில் வைத்துக்கொண்டார். பேசவில்லை. கோபமில்லை. இனித் தனக்கு அங்கே வேலை இல்லை என்று இருந்த மாதிரி இருந்தது. ஊர்மனை, வேலி, வாத்து, குடத்தோடு பெண்கள், எல்லாவற்றையும் போடியார் தானே பார்த்து விலத்தி ஓட்டினார். காருக்குள் எஞ்சின் இரைச்சல் மட்டும். அது அவ்வளவு சத்தம் போடுகிற எஞ்சின் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போடியார் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு, "அந்தா இடப் பக்கம் நிக்கிது ஒரு மாடு. ஆர்ர மாடு அது?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுதுதானே" என்றார் பெரியம்மா.

"மாடு தெரியிது. ஆர்ர மாடு எண்டு கண்ணாடி சொல்லுமா? அது பக்கத்தில இருக்கிற ஆள்தான் சொல்லோணும். அதுதான் முறை."

பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "தம்பியப்பன்ட மாடுதான், வேற ஆர்ர. போன கிழமை அவன்ட பெண்சாதி தாய் ஊட்டை போயிட்டாள், தெரியுமா?" என்று தொடங்கினார். போடியார் "ம்" கொட்டினார். கதையைக் கேட்கத் தலையைத் திருப்பியவர் திருப்பியபடியே இருந்தார். காருக்குள் இரண்டு வருஷம் காதால் மட்டும் அறிந்திருந்த முகத்தை அந்தத் தடித்த கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ரோட்டை யாரும் பார்க்கவில்லை.

"போடியார், இடப் பக்கம் மாடு" என்று பின்னால் இருந்து நான்தான் கத்த வேண்டியிருந்தது.